ஒரு பலகை, ஒரு கம்பி: பித்தாகரஸின் எண்களைக் காதால் பிடிப்பது எப்படி

கிரேக்கர்களின் இசைக் கோட்பாட்டைப் படிக்க உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே 2:1, 3:2, 4:3 என்று விகிதங்கள் வந்து நிற்கும், பாதிப் பேர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்கள். படிப்பு இருக்கட்டும், முதலில் செய்து பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தாமான் ஹார்ட்வேர் கடையில் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கனமான பலகை கிடைக்கும் (மெல்லிய பிளைவுட் வேண்டாம், கம்பி இழுத்தால் வளைந்துவிடும்). ஒரு முனையில் திருகாணி, மறுமுனையில் பழைய கிட்டாரிலிருந்து கழற்றிய பிருடை (கம்பியை முறுக்கி இறுக்கும் ஆணி), நடுவே ஒரு ஸ்டீல் கிட்டார் கம்பி. கம்பிக்கு அடியில் இரண்டு குதிரைகளை (கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகளை)ச் சரியாக 72 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். 72 ஏன் என்றால் பாதி, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று எல்லாமே முழு எண்ணாக வரும்.

சரி, இப்போது அளவு நாடாவைத் தள்ளி வைத்துவிடுங்கள், இதுதான் முக்கியம். ஸ்ருதிப் பெட்டியைப் போட்டு முழுக் கம்பியை ஸட்ஜத்துக்குச் (ஸ) சேர்த்துவிட்டு, பிள்ளையைப் பஞ்சமம் (ப) பாடச் சொல்லி, மூன்றாவது குதிரையைக் கம்பிக்கடியில் நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டும் சேருகிற இடத்தில் பென்சிலால் கோடு. மேல் ஸட்ஜத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் (ம) அப்படியே. நகரும் குதிரை கம்பியைத் தொட்டால் போதும், உயரமாக இருந்தால் கம்பி இறுகிக் கணக்குக் கெட்டுவிடும்.

அப்புறம் அளந்து பாருங்கள். ஒலிக்கிற பகுதி மேல் ஸட்ஜத்துக்கு 36, பஞ்சமத்துக்கு 48, மத்யமத்துக்கு 54 என்று நிற்கும். அதாவது 2:1, 3:2, 4:3. காது கேட்டது இனிமையை மட்டும்தான், கையில் வந்ததோ 1, 2, 3, 4. பித்தாகரஸ் வழிவந்தவர்களை ஆட்டிவைத்தது இதுதான். அந்த நான்கையும் கூட்டி வந்த 10-ஐப் புனிதமாக்கினார்கள், கோள்களும் இதே கணக்கில் பாடுகின்றன என்றார்கள். பிளேட்டோ ‘டிமேயஸ்’ நூலில் உலகத்தின் ஆன்மாவையே இந்த விகிதங்களால் கட்டினார். ஆன்மாவும் இசையும் ஒரே சரக்கு என்றானபின் தப்பான இசை ஆளையே கெடுக்கும் அல்லவா, அதனால்தான் தன் ‘குடியரசு’ நூலில் டோரியன், ஃபிரிஜியன் என்ற இரண்டு இசை முறைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெளியேற்றினார். கிட்டார் புத்தகத்தில் அதே பெயரில் வரும் ஸ்கேல்கள் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொல்லன் பட்டறைச் சுத்தியல்களின் எடையைப் பார்த்துப் பித்தாகரஸ் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதையையும் விட்டுவிடலாம், சுத்தியல் அப்படி ஒலிக்காது.

அரிஸ்டாட்டிலின் மாணவர் அரிஸ்டாக்ஸெனஸுக்கு இந்த எண் பித்து பிடிக்கவில்லை, இசைக்கு நீதிபதி காதுதான் என்றார். அவர் பக்கத்தையும் சோதிக்க அந்தர காந்தாரத்தை (க) அதே பலகையில் தேடுங்கள். பஞ்சமத்தை அடுக்கிக்கொண்டே போகிற பித்தாகரஸ் வழியில் அது 56.9 சென்டிமீட்டரில் வரவேண்டும், 5:4 என்ற எளிய விகிதமானால் 57.6. ஏழு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், பிள்ளையின் குரல் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், ஸ்ருதிப் பெட்டியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.