காரைக்குடியில் பழம்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால், ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சாமான் அறையில் பூட்டிக் கிடந்தவைதான் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது புரியும். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் தொழில் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய பெரிய வீடுகளிலிருந்து வந்தவை அவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவு பெருமளவு நின்றது; பங்காளிகள் பெருகி, பிள்ளைகள் வெளியூர்களில் தங்கிவிட, ஓடு மாற்றக்கூட முடியாத வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டன. கதவுநிலை, தூண், சீர்ச் சாமான் என எல்லாவற்றையும் வியாபாரிகள் மொத்தமாக விலை பேசி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே இருக்கும் அத்தனையும் பழையவை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

கையில் ஒரு டார்ச், ஒரு காந்தம், அளவு நாடா, சிறிய பூதக்கண்ணாடி ஆகியவை இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் போங்கள். பிடித்த பொருளைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கக் கேட்டால், நல்ல வியாபாரி மறுக்க மாட்டார்.

மரச் சாமானை முன்பக்கத்தில் பார்ப்பதைவிடப் பின்புறத்திலும் அடியிலும் பார்ப்பதுதான் முக்கியம். நான் முதன்முதலில் வாங்கிய கைப்பெட்டி பர்மாத் தேக்கு என்று சொல்லப்பட்டது. மூடியும் பக்கப் பலகைகளும் தேக்குதான். வீட்டில் கவிழ்த்துத் துடைத்தபோது ஈரத்துணியில் பழுப்புச் சாயம் இறங்கியது, அடிப்பலகை வெளுத்த மாமரமாக வெளிப்பட்டது. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் பெட்டியைக் கவிழ்க்காமல் விலை கேட்பதில்லை. பழைய வேலையில் ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, இன்னொன்றின் துளையில் பொருத்தி மர ஆணி அடித்திருப்பார்கள். நட்சத்திரத் தலைத் திருகாணி தென்பட்டால் அந்த இடத்திலாவது பிற்காலக் கை பட்டிருக்கிறது என்று பொருள். தட்டும்போது மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் மற்ற மரச் சாமான் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

பாத்திரங்களில் என் கண் முதலில் தேடுவது விளிம்பை ஒட்டி வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளைத்தான். சீராக வந்த அண்டா, தூக்கு, குடம் ஆகியவற்றில் உரியவர் பெயரின் முன்னெழுத்துகளைப் பொறித்து வைப்பது வழக்கம். பல்லாண்டு புளி போட்டுத் தேய்த்த பாத்திரத்தில் அந்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். நேற்று வெட்டிய எழுத்து நகத்தில் சுரண்டும். வெண்கலத்தைத் தட்டினால் ஓசை நீண்டு நிற்கும், பித்தளையில் விரைவில் அடங்கும். காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. குடத்தை டார்ச்சுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தால் பொத்தலும், அடியில் பற்றவைத்த இடமும் தெரிந்துவிடும். பித்தளையில் சமைக்க எண்ணுபவர்கள் உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசுகிற செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். பழைய ஈயச்சொம்பை மட்டும் ரசத்துக்கு வாங்காதீர்கள். அதில் நஞ்சான காரீயம் கலந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய இயலாது.

சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த எனாமல் அடுக்குகளும் தூக்குகளும் இந்தத் தெருவின் தனி அடையாளம். அடியில் நாட்டின் பெயரோ கம்பெனி முத்திரையோ இருக்கும். உதிர்ந்த இடத்தில் துரு ஏறியிருப்பது பழைமைக்கு இயல்புதான், ஆனால் பூச்சு உதிர்ந்த பாத்திரத்தில் உணவு வைக்கக் கூடாது, அலமாரிக்குத்தான் ஆகும்.

ரவி வர்மா அச்சுப்படம் என்று காட்டினால் பூதக்கண்ணாடியை எடுங்கள். பழைய கல்லச்சுப் படத்தில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும்; வரிசை பிசகாத வலைப்புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சு.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களும் கைவினைப் பொருள்களும், எழுபத்தைந்தாண்டுக்கு மேற்பட்ட முக்கியமான கையெழுத்துப் பிரதிகளும் தொல்பொருளாகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கென்று வாங்குகிறவர்கள், பொருள் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே பெட்டி கட்டுவது நல்லது. பழைய சாமிச் சிலையைப் பதிவுச் சான்று இல்லாமல் யார் நீட்டினாலும் தொடாதீர்கள், அது எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்பதைப் பின்னாளில் போலீஸ் வந்து உங்களிடம்தான் கேட்கும். கடையைத் தவிர்த்து ஒரு வீட்டில் நேரடியாக வாங்கினால், பங்காளிகள் அனைவரும் சம்மதித்துக் கையெழுத்திட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையில் எடைக்கு எவ்வளவு, வேலைப்பாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் பேரம் பேச இடம் கிடைக்கும். வேலைப்பாடு இல்லாத அண்டாவுக்கு அன்றைய பித்தளை விலையைவிட மிக அதிகம் கேட்டால் நான் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவேன். தூணோ கதவுநிலையோ வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தங்கள் வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம் ஆகியவற்றின் அளவைக் குறித்துக்கொண்டு, லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.