விரட்டப்பட்ட ஒரு ஓபரா கண்டக்டரோட கதையை நம்ம கோவில் மண்டபத்துல எப்படி சொல்றது

நம்ம மொரீசியஸ்ல தமிழ் வகுப்புலயோ சங்கத்துலயோ பேச்சு வைக்கிறோம்னா திருக்குறள், பாரதி, கப்பல்ல வந்த நம்ம முன்னோர், பெரும்பாலும் இதுக்குள்ளயே சுத்தி வந்துடறோம். அது நல்லதுதான், ஆனா ஹிட்லருக்கு பயந்து ஐரோப்பாவுலேர்ந்து தப்பிச்ச யூதர்கள் சுமார் 1,580 பேரை பிரிட்டிஷ்காரங்க பாலஸ்தீனத்துல இருக்கற ஹைஃபா துறைமுகத்துலேர்ந்து கப்பல்ல ஏத்தி இங்க கொண்டுவந்து 1940 டிசம்பர்லேர்ந்து 1945 ஆகஸ்ட் வரைக்கும் போ பாசேன் ஜெயில்ல வச்சிருந்த ஊர் இது, அதனால நாடு இழந்த கலைஞனோட கதை நமக்கு அசலூர் விஷயம் இல்லன்னு நான் நினைக்கிறேன். அப்படி ஒரு ஓபரா கண்டக்டரை எடுத்து அரைமணி நேர பேச்சு எப்படி தயார் பண்றதுன்னு சொல்றேன். உதாரணத்துக்கு ஃப்ரிட்ஸ் புஷ். ஏன் இவர்னா, இவரைப் பத்தின ஆவணம் நிறைய கிடைக்குது, அதோட இவர் கதையில எல்லாரும் சறுக்கற இடமும் ஒண்ணு இருக்கு.

முதல்ல அந்த வேலை என்னன்னு புரிய வைங்க. ஓபராங்கறது கதை முழுக்க பாட்டாவே நடக்கற நாடகம், மேடைக்கு முன்னாடி பள்ளத்துல வாத்தியக்காரங்க உக்காந்திருப்பாங்க, மேல பாடறவங்களையும் கீழ வாசிக்கறவங்களையும் ஒரே மூச்சுல பிடிச்சு கொண்டு போறவர் கண்டக்டர், அதுக்கு முன்னாடி வாரக்கணக்குல ஒத்திகை நடத்தி பாடகர்களை தேத்தி எடுக்கறதும் அவர்தான். இதை சொன்ன கையோட அடுத்ததை சொல்லுங்க: ஃப்ரிட்ஸோட தம்பி அடால்ஃப் புஷ் பெரிய வயலின்காரர், அவர் எந்த ஊருக்கு போனாலும் வயலின் கூடவே போகும். கண்டக்டருக்கு வாத்தியமே அந்த ஆளுங்கதான், அந்த அரங்கம்தான், வருஷக்கணக்கா சேந்து பழகின காதுதான், அதை எந்த பெட்டியில போட்டு எடுத்துட்டு போறது? இது மனசுல ஏறிடுச்சுன்னா மீதி கதையை ஜனங்க தானா கூட வந்து கேப்பாங்க. இதுக்கு அஞ்சு நிமிஷம் தாராளமா செலவு பண்ணுங்க.

பிறப்பு வளர்ப்பெல்லாம் ரெண்டு வரி போதும். 1890-ல ஜெர்மனியில ஸீகன் ஊர்ல பிறந்தார், அப்பா வயலின் செய்றவர், கொலோன்ல படிப்பு, ஆகன், ஷ்டுட்கார்ட்னு வேலை, 1922-லேர்ந்து டிரெஸ்டன் அரசு ஓபராவுல தலைமை. அங்க அவர் காலத்துல புது ஓபராக்கள் வரிசையா அரங்கேறுச்சு, இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸோட 'இன்டர்மெட்ஸோ' 1924, புஸோனியோட 'டாக்டர் ஃபவுஸ்ட்' 1925, ஹிண்டெமித்தோட 'கார்டியாக்' 1926. எல்லாத்தையும் சொல்ல வேண்டாம், ஒண்ணு போதும்.

இப்ப முக்கியமான வேலை, தேதி. ஒரு நோட்டுல தேதிகளை ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதுங்க, நாட்டுல நடந்ததையும் அவருக்கு நடந்ததையும் கலந்தே எழுதுங்க. 1933 ஜனவரி 30 ஹிட்லர் பதவிக்கு வர்றார். மார்ச் 5 தேர்தல். மார்ச் 7 டிரெஸ்டன்ல புஷ் 'ரிகொலெட்டோ'ங்கற ஓபராவை நடத்த வர்றார், பழுப்பு சட்டை நாஜி ஆளுங்க அரங்கத்துல உக்காந்து கத்தி கூச்சல் போட்டு அவரை நடத்த விடாம பண்ணிடறாங்க, அன்னிக்கு வேற ஒருத்தர்தான் நடத்தி முடிக்கறார். ஏப்ரல் 7 யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசு வேலையிலேர்ந்து தூக்கற சட்டம் வருது. ஜூலை 1 ஸ்ட்ராஸோட 'அரபெல்லா' அதே டிரெஸ்டன்ல அரங்கேறுது, அந்த ஓபராவை ஸ்ட்ராஸ் காணிக்கையாக்கினது புஷ்ஷுக்கும் அரங்கத்தோட இயக்குநர் ராய்க்கருக்கும், ஆனா நடத்தினது கிளெமென்ஸ் கிராவுஸ். பாத்தீங்களா, சட்டம் வர்றதுக்கு சரியா ஒரு மாசம் முன்னாடியே ஆள் வெளிய போயாச்சு. கூட்டம் முதல்ல வந்துச்சு, சட்டம் பின்னாடி வந்துச்சு. வரிசையா எழுதி பாக்கலைன்னா இது கண்ணுலயே படாது, அடுத்து அடுத்து நடந்த ஏதோ நிர்வாக மாற்றம் மாதிரிதான் தெரியும்.

சறுக்கற இடம்னு சொன்னேனே, அது இதுதான்: புஷ் யூதர் இல்ல. கூகுள்ல மேலோட்டமா பாத்துட்டு 'யூதர்ங்கறதால விரட்டப்பட்டார்'னு சொல்லிடாதீங்க. நாஜிகளோட அவர் ஒத்துப்போகல, யூத கலைஞர்களோட நெருக்கமா இருந்தார், அதுதான் அவங்களுக்கு ஆகல. ஹிட்லரோட அமைச்சர் கோரிங் மாதிரி பெரிய தலைகள் அவரை தங்க வைக்கவும் பேசி பாத்தாங்க, அவர் தங்கல. இதோட சேத்து வில்லியம் ஸ்டைன்பெர்க் கதையையும் ரெண்டு நிமிஷம் சொல்லுங்க. ஃப்ராங்ஃபர்ட் ஓபராவுல கண்டக்டரா இருந்தவர், யூதர், 1933-ல வேலை போச்சு, அவர்கிட்ட யாரும் தங்க சொல்லி கேக்கவே இல்ல, யூதர்களுக்கு மட்டும்னு ஒதுக்கின சங்கத்துக்குள்ளதான் அவரால நடத்த முடிஞ்சுது, அப்புறம் 1936-ல பாலஸ்தீனத்துல புதுசா உருவான ஆர்கெஸ்ட்ராவை தயார் பண்ண போனார், கடைசியில அமெரிக்காவுல பிட்ஸ்பர்க். ஒருத்தருக்கு முடிவெடுக்க வழி இருந்துச்சு, இன்னொருத்தருக்கு அது கூட இல்ல, இந்த வித்தியாசத்தை மழுப்பாதீங்க, தயவுசெஞ்சு.

தேடறது எப்படின்னா, நமக்கு இது புதுசில்ல. மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கற பழைய ஆவணங்கள்ல தாத்தாவோட தாத்தா பேரை தேடினவங்களுக்கு தெரியும், முத்துசாமிங்கற பேரை எழுதினவர் எப்படி எப்படியோ எழுதியிருப்பார், ஒரே எழுத்துக்கூட்டுல தேடினா கிடைக்காது. இங்கயும் அதே கதை. ஸ்டைன்பெர்க் ஜெர்மனியில ஹான்ஸ் வில்ஹெல்ம், அமெரிக்காவுல வில்லியம், ரெண்டு பேர்லயும் தேடுங்க. ஹாம்பர்க் பல்கலைக்கழகம் நாஜி காலத்துல துன்புறுத்தப்பட்ட இசைக்கலைஞர்களுக்குன்னே ஒரு ஆன்லைன் அகராதி வச்சிருக்கு, அங்கேர்ந்து ஆரம்பிங்க. புஷ் சகோதரர்களோட ஆவணக்காப்பகம் கார்ல்ஸ்ரூவுல மாக்ஸ் ரேகர் இன்ஸ்டிட்யூட்ல இருக்கு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா தன்னோட பழைய நிகழ்ச்சிகளை தேதிவாரியா இணையத்துல போட்டிருக்கு, 1945-லேர்ந்து 49 வரைக்கும் புஷ் அங்க நடத்தினதை நீங்களே எண்ணி பாக்கலாம். ஜெர்மன் பக்கங்களை மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டு படிங்க, ஃப்ரெஞ்ச் நமக்கு தெரியுங்கறதால ஃப்ரெஞ்சுக்கு மாத்தி படிச்சா இன்னும் சுலபம். அவர் எழுதின சுயசரிதையையும் படிங்க, ஆனா அது 1949-ல வந்தது, நடந்து 16 வருஷம் கழிச்சு, அதனால அதுல இருக்கற பேச்சு வார்த்தைகளை 'அவர் சொல்றார்'னு சொல்லி சொல்லுங்க.

வெளிநாட்டு வாழ்க்கையை சொல்லும்போது ஊர் பேரை அடுக்கிட்டே போகாதீங்க, கேக்கறவங்களுக்கு தூக்கம் வந்துடும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரே கேள்வி, யார் கூப்பிட்டாங்க? புவனோஸ் ஐரஸ்ல தியாத்ரோ கொலோன்ங்கற ஓபரா அரங்கம் கூப்பிட்டுச்சு, 1936-ல அர்ஜென்டினா குடியுரிமையும் வாங்கினார். இங்கிலாந்துல ஜான் கிறிஸ்டிங்கற பணக்காரர் கிளைண்ட்போர்ன்ல தன் வீட்டுத்தோட்டத்துலயே ஓபரா அரங்கம் கட்டினார், 1934 மே 28 மோட்சார்ட்டோட 'ஃபிகாரோ' நடத்தி திறந்து வச்சது புஷ், மேடை இயக்கினது அவர மாதிரியே ஜெர்மனியை விட்டு வந்த கார்ல் எபெர்ட். கோபன்ஹேகன் ரேடியோ கூப்பிட்டுச்சு. அழைப்பு கடிதம் கையில இருந்ததால அவருக்கு கதவு திறந்துச்சு. போ பாசேன் ஜெயிலுக்கு வந்தவங்களுக்கு அப்படி கூப்பிட ஒருத்தரும் இல்ல, மலேரியாவுலயும் டைஃபாய்டுலயும் செத்தவங்களோட சேத்து நூத்துக்கும் மேல பேர் செயின்ட் மார்ட்டின் கல்லறையில புதைஞ்சிருக்காங்க. அந்த ஜெயில்லயும் பாட்டு இருந்துச்சு, போ பாசேன் பாய்ஸ்னு ஒரு பேண்டே வச்சிருந்தாங்க. புஷ் இந்த தீவுக்கு வந்ததே இல்ல, அதை தெளிவா சொல்லிடுங்க, ரெண்டு கதையும் பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும், ஒண்ணா கலக்க வேண்டாம். முடிஞ்சா பேச்சுக்கு முந்தின வாரம் பசங்களை செயின்ட் மார்ட்டினுக்கு கூட்டிட்டு போங்க, கல்லுல இருக்கற ஊர் பேர்களை நோட்டுல எழுத சொல்லி வரைபடத்துல தேட விடுங்க.

பாட்டு கண்டிப்பா போடணும். கிளைண்ட்போர்ன்ல புஷ் நடத்தின மூணு மோட்சார்ட் பதிவு இருக்கு, 'ஃபிகாரோ' 1934-35, 'கோசி ஃபான் தூத்தே' 1935, 'டான் ஜோவானி' 1936. 'ஃபிகாரோ' பதிவுல பேச்சு மாதிரி வர்ற பகுதிகளை விட்டுட்டாங்க, முழு கதையும் வேணும்னா 'டான் ஜோவானி' எடுங்க. அந்த கால இசைத்தட்டுல ஒரு பக்கம் நாலு நிமிஷம்தான், நீங்களும் நாலு நிமிஷம் மட்டும் போடுங்க, கரகரன்னு சத்தம் வரும்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா ஸ்பீக்கர்ல கோளாறுன்னு யாராவது எழுந்து போய் திருகுவாங்க. எல்லா குரலும் எப்படி சேந்து மூச்சு விடுதுன்னு கவனிக்க சொல்லுங்க.

கேள்வி நேரத்துல 'திரும்பி போனாரா'ன்னு கேப்பாங்க. போருக்கப்புறம் 1951-ல ஜெர்மனியில மறுபடி நடத்தினார், அதே வருஷம் செப்டம்பர் 14 லண்டன்ல இறந்துட்டார்.

தைப்பூச காவடி சமயத்துல தேதி வைக்காதீங்க, மண்டபமும் கிடைக்காது ஆளும் வரமாட்டாங்க. கடைசியில ரெண்டு நிமிஷம் கிரியோல்ல சுருக்கமா சொல்லிடுங்க, பெரியவங்க பாதி பேருக்கு அப்பத்தான் முழுசா போய் சேரும். நல்லா போச்சுன்னா அடுத்த தடவைக்கு ஜோசஃப் ரோசன்ஸ்டாக்ங்கற கண்டக்டரை எடுங்க, ஜெர்மனியில மான்ஹைம்ல வேலை இழந்து 1936-ல டோக்கியோ போய் இன்னிக்கு என்ஹெச்கே சிம்ஃபனின்னு சொல்ற ஆர்கெஸ்ட்ராவை வளத்தவர். தேதி நோட்டை அதே மாதிரி ஆரம்பிக்கலாம்.