பத்துக் கிலோ எள்ளுக்கு நாலு லிட்டர்

12 வருடமாக எங்கள் வீட்டுக்கு வரும் நல்லெண்ணெய் நான் செக்குப் பக்கத்தில் நின்று ஆட்டிக்கொண்டு வருவதுதான். முதல் தடவை அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கூட வந்தார். அவர் சொல்லிக்கொடுத்ததும், பிறகு நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டதும் இங்கே.

ஈரோடு மாவட்டத்தில் எங்கள் சிவகிரிப் பக்கம் மாசிப்பட்டத்தில் விதைத்த எள் சித்திரை, வைகாசியில் வரும். அப்போதே வாங்கிவிடுங்கள். கறுப்பானாலும் செவப்பானாலும் பரவாயில்லை, பழைய எள்ளாக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையோ காறல் வாடையோ லேசாக அடித்தாலும் வேண்டாம். எள்ளில் உள்ள வாடை எண்ணெயில் இரண்டு மடங்காகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் புடைத்து, தண்ணீரில் போட்டு அரித்தெடுங்கள். மண் அடியில் தங்கிவிடும். பிறகு வெள்ளைத் துணியில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயில். நாலு எள்ளைப் பல்லில் வைத்தால் நொறுங்க வேண்டும்; நசுங்கினால் இன்னும் ஒரு நாள் காயட்டும்.

செக்குக்கு நான் காலையிலேயே போய்விடுவேன். முதல் ஆளாகப் போனால் உரலைத் துடைத்துவிட்டு நம் எள்ளைப் போடச் சொல்லலாம். முந்தின ஆளின் கடலை எண்ணெய் மிச்சம் நம்முடையதில் கலக்காது. 10 கிலோ எள் கொட்டி, அது மாவாகத் திரண்டு வரும்போது செக்குக்கார அண்ணன் கருப்பட்டியை உடைத்துப் போடுவார். என் கணக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ. கருப்பட்டியின் பசையும் ஈரமும் எள்மாவைப் பிடித்து உருட்டினால்தான் எண்ணெய் பிரிந்து வரும். முதலில் உலக்கையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பளபளப்பு தெரியும். கொஞ்ச நேரத்தில் தேன் நிறத்தில் ஊறி வழியும். விரலை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புதான், சுடாது. உலக்கை மெதுவாகச் சுற்றுவதால் வாசனை எண்ணெயிலேயே நிற்கிறது. "அம்மணி, புண்ணாக்குத் தின்னு பாரு" என்று அண்ணன் ஒரு துண்டு உடைத்துத் தருவார். சூடு ஆறாத எள்ளுப் புண்ணாக்கு, கருப்பட்டி இனிப்போடு. என் பிள்ளைகள் செக்குக்கு வருவதே இதற்குத்தான்.

10 கிலோவுக்கு 4 லிட்டர் சொச்சம் கிடைக்கும். ஒரு கிலோ எள் விலையை இரண்டரையால் பெருக்கினால் ஒரு லிட்டரில் எள்ளுக்கு மட்டும் என்ன செலவு என்று தெரிந்துவிடும். அதைவிட மிகக் குறைவாக யாராவது விற்றால் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேளுங்கள். 'தீப எண்ணெய்' என்று போட்டிருப்பது விளக்குக்கு மட்டும். சமையலுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆட்டிய எண்ணெயை உடனே பாட்டிலில் அடைக்காதீர்கள். முதல் வருடம் அடைத்து, அடுப்புப் பக்கத்திலேயே வைத்தேன். ஒன்றரை மாதத்தில் காறல் அடித்து இரண்டு லிட்டர் வீணானது. இப்போது எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, வாயில் துணி கட்டி இரண்டு நாள் வெயிலில் வைக்கிறேன். ஈரம் போய்விடும். அதன்பின் மூன்று நாள் அசைக்காமல் நிழலில். மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாகச் சாய்த்து, நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, இருட்டான அலமாரியில் வைப்பேன். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. எள்ளெண்ணெயில் செசமின், செசமோலின் என்று இயற்கையான காப்புப் பொருள்கள் உண்டு. அதனால்தான் மற்ற பல எண்ணெய்களைவிட இது தாக்குப்பிடிக்கிறது, ஊறுகாய்க்கும் இதையே ஊற்றுகிறோம். மாங்காய் ஊறுகாயின் மேலே ஒரு விரற்கடை எண்ணெய் எப்போதும் நிற்கட்டும்.

இதைப் பூரி, வடை பொரிக்கச் செலவழிக்காதீர்கள். நுரைத்துப் பொங்கும், வாசனையும் போய்விடும். இதற்கு ஏற்ற இடங்கள் வேறு. இட்லிப்பொடிக்குக் குழி பறித்துப் பச்சையாக ஊற்றுங்கள். அரிசியும்பருப்புஞ் சாதம் இறக்கியதும் மேலே ஒரு கரண்டி விடுங்கள். புளிக்குழம்பில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை கொதிக்கட்டும். பெரிய மகள் வயதுக்கு வந்தபோது அம்மிச்சி தினமும் உளுந்தங்களி கிண்டி, நடுவே குழித்துக் கருப்பட்டியும் இந்த எண்ணெயும் விட்டுக் கொடுத்தார். அவள் இப்போதும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

எண்ணெய்க் குளியலுக்கு ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள். நேரே அடுப்பில் வைத்தால் எவ்வளவு சூடு என்று தெரியாமல் போகும். நாலு மிளகு, கொஞ்சம் சீரகம் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். உச்சியில் தொடங்கி உள்ளங்கால்வரை தேய்த்து, அரை மணி நேரம் கழித்துச் சீயக்காய். மார்கழிப் பனியில் வெடிக்கிற குதிகாலும் வறண்ட முழங்கையும் இரண்டு வாரத்தில் மிருதுவாகும். கைக்குழந்தைக்கு உடம்பில் தேய்க்கலாம். மூக்கிலும் காதிலும் மட்டும் விடவே கூடாது. மூக்கு வழியாக நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் நிமோனியா வரலாம். எள் ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வருகிறவர்களும் உண்டு, அவர்கள் தொடவே வேண்டாம்.

மூட்டுவலி தீரும், சர்க்கரை இறங்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இதில் பெரும்பங்கு நல்ல கொழுப்பு என்பது உண்மை. ஆனாலும் கொழுப்புதான், ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள், அதுவும் எல்லா எண்ணெயும் சேர்த்து என்பது என் அளவு.

தூக்கின் அடியில் தங்கும் மண்டியைக் கொட்டிவிடாதீர்கள். இன்னொரு வாரம் அசையாமல் வைத்தால் அதிலும் அரை டம்ளர் தெளியும், அது எங்கள் வீட்டில் சாமி விளக்குக்கு. மிச்சமிருக்கும் கெட்டியைப் புண்ணாக்கோடு பிசைந்து மாட்டுக்கு வைத்துவிடுவேன்.