‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று எழுதுவதற்கு முன்: கல்விச் சமூகவியல் பிராஜெக்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றி பிராஜெக்ட் எழுதும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் வரைவை என்னிடம் காட்டுவார்கள். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல், நான் மாணவனாக இருந்தபோது எழுதிய அதே வாக்கியம் இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்துப்பிழை, பக்க எண், பார்த்து எழுதுவது பற்றியெல்லாம் உங்கள் கைடு சொல்வார்.

துர்கைம் கல்வியைப் புகழ்ந்தார் என்று நினைப்பது

‘செயல்பாட்டுக் கோட்பாடு கல்வியை நல்லது என்கிறது, முரண்பாட்டுக் கோட்பாடு கெட்டது என்கிறது.’ பல வரைவுகளின் இரண்டாம் அத்தியாயம் இவ்வளவுதான். முதலாவது, சமூகம் சேர்ந்து நிற்கப் பள்ளி போன்ற அமைப்புகள் என்ன வேலை செய்கின்றன என்று பார்ப்பது. இரண்டாவது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்ப்பது. முதலாவதன் முன்னோடியான பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் கேட்டது வேறு: தனித்தனி வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் எப்படி ஒரே சமூகத்தின் ஆட்களாகிறார்கள்? பொதுவான நம்பிக்கைகளையும், வெவ்வேறு தொழில்களுக்கான வெவ்வேறு தயாரிப்பையும் பள்ளி தருகிறது என்றார். அதே வழியில் வந்த அமெரிக்கர் டால்காட் பார்சன்ஸ் 1959இல் இன்னொன்றைச் சேர்த்தார்: வீட்டில் பிள்ளை ‘நம்ம பிள்ளை’ என்பதற்காகவே மதிக்கப்படுகிறது, வகுப்பறையில் எல்லாரோடும் சேர்த்து ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறது.

சரி, இதை நம்ம ஊருக்குக் கொண்டு வாருங்கள். தமிழ் டிவிஷனும் மலையாளம் டிவிஷனும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன. அசெம்ப்ளி எந்த மொழியில் நடக்கிறது? அளவுகோல் உண்மையிலேயே ஒன்றுதானா? அங்கே கேட்டால்தான் துர்கைமும் பார்சன்ஸும் உங்களுக்குப் பயன்படுவார்கள்.

பள்ளி மணி, ஆலைச் சங்கு

பள்ளி மணி ஆலைச் சங்கு மாதிரி என்று மட்டும் எழுதி முரண்பாட்டுக் கோட்பாட்டை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்து அமெரிக்கப் பொருளியலாளர்கள் சாமுவேல் போல்ஸும் ஹெர்பர்ட் ஜின்டிஸும் 1976இல் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிச் சொன்னது மணி அடிப்பதோடு முடிவதில்லை. கீழ்மட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு விதிக்குக் கட்டுப்படுதலும், மேல்மட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தானாக முடிவெடுத்தலும் பழக்கப்படுகின்றன என்பதே அவர்கள் வாதத்தின் கூர்மை. அதற்கு அடுத்த வருடம் பால் வில்லிஸின் ஆய்வு வந்தது. இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில் 12 தொழிலாளர் வீட்டுப் பையன்களோடு பழகி எழுதியது. அந்தப் பையன்கள் பள்ளியை எதிர்த்தார்கள், அந்த எதிர்ப்பே அவர்களைத் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் விட்டது. பிள்ளைகளைக் களிமண்ணாக நினைத்து எழுதாதீர்கள்.

எழுத்தறிவு விகிதம்

2011 கணக்கெடுப்பு கேரளத்துக்குச் சொல்லும் 94 சதவீதம் நீங்கள் பார்த்த பத்து வீடுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. முன்னுரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

‘பெற்றோரின் அக்கறையின்மை’

இதுதான் என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியது என் முதுகலை ஆய்வு. ஒரு பள்ளியில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினேன். படிப்பை விட்ட பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலானோர் பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டத்துக்கு வராதவர்கள். ஆசிரியர்களும் அதையே சொன்னார்கள். ‘பெற்றோரின் அக்கறையின்மையே முதன்மைக் காரணம்’ என்று எழுதி, பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் பண்பாட்டு மூலதனம் (வீட்டிலிருந்து பிள்ளை கொண்டுவரும் பேச்சு, ரசனை, பழக்கம்) பற்றி ஒரு பத்தியும் கீழே சேர்த்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. பள்ளிக்கும் ஒரு பிரதி கொடுத்தேன்.

நோட்டீஸ்களைத் தமிழிலும் அச்சடிக்கலாம் என்று அங்கே அப்போது ஒரு பேச்சு இருந்திருக்கிறது. என் பிரதியைக் காட்டி, ‘எந்த மொழில அடிச்சா என்ன, வரமாட்டாங்கன்னு ஆய்வே சொல்லுது’ என்று அதை முடித்துவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு தமிழாசிரியர் சில வருடம் கழித்து என்னிடம் இதைச் சொன்னார்.

அதற்கு அப்புறம்தான் முதலமடையில் மாந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு அக்காவைப் பார்த்தேன். என் பட்டியலில் இருந்த ஒரு பெண்பிள்ளையின் அம்மா. நான் மாஸ்டர் என்று தெரிந்ததும் ரேஷன் கார்டு வைத்திருந்த உறையிலிருந்து மடித்த தாள்கள் நாலை எடுத்தார். ‘சார், இதுல என்னங்க எழுதியிருக்குது? படிச்சவங்க யாராச்சும் வந்தா கேக்கலாம்னு வச்சிருந்தேனுங்க.’ நாலும் பிடிஏ கூட்ட அழைப்பு. நாலும் மலையாளம். எல்லாம் வேலை நாளில், மத்தியானம் இரண்டு மணிக்கு. இரண்டு, மாங்காய் பறிப்பு நேரத்தில். போயிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும். அக்கறை இல்லாதவரா அந்தத் தாள்களை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைப்பார்?

நான் பூர்தியூவைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். ஏழை வீட்டில் பண்பாடு குறைவு என்று அவர் சொல்லவில்லை. ஒரு வகுப்பாரின் பேச்சையும் ரசனையையும் பழக்கத்தையும் பள்ளி பொது அளவாக வைத்துக்கொள்கிறது, அது யாருடையது என்பதை மறைத்துவிட்டு, அதோடு ஒத்துவரும் பிள்ளையை ‘இயல்பான திறமைசாலி’ என்கிறது. அவர் காட்டியது பள்ளி செய்யும் காரியத்தை. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் பேசும் விதங்களைப் பற்றி, ‘மொழிக் குறிகள்’ என்ற பெயரில், பிரிட்டிஷ் சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைன் வைத்த வாதத்தையும் இதே மாதிரி ‘ஏழைகளின் மொழி குறைபட்டது’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அவரே அந்த வாசிப்பை மறுத்தவர்.

நம் தாலுகாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவானது. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் மொழிச் சிறுபான்மையினர். அதே வருடத்து அரசியலமைப்பின் ஏழாம் திருத்தத்தில் வந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. பிள்ளை தமிழில் படிக்கிறது. அம்மாவுக்கு வரும் தாள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு பேசவில்லை. உங்கள் ஆய்வு நுழைய வேண்டிய இடம் அதுதான்.

ஆகவே பெற்றோரைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன், பள்ளி அவர்களிடம் கேட்டவற்றை எழுதுங்கள்: எந்த மொழியில் கேட்டது, எந்த நேரத்தில், எந்தப் படிவத்தில், எவ்வளவு பணம். ஒரு வருடத்து நோட்டீஸ்களை வாங்கிப் பாருங்கள். அதற்கு அப்புறமும் ‘அக்கறையின்மை’ என்ற சொல் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து, அப்படி நோட்டீஸ்களைத் திரும்பிப் பார்த்த யாருக்கும் தேவைப்படவில்லை.

பெற்றோரிடம் கேட்கும் ஆய்வுக் கேள்விகளை மலையாளத்தில் மட்டும் கொண்டு போவது

இதை நீங்களும் செய்யாதீர்கள்.

வேலை நாளில் பேட்டிக்குப் போவது

வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், நீங்களும் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள். மாங்காய் சீசனில் ஞாயிறும் வேலை இருக்கும், அப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போய் அரை மணி நேரம் மட்டும் பேசுங்கள். அவர்கள் காலையில் இருட்டோடு எழ வேண்டும்.