ஐம்பது தாண்டி மறுபடி வேலை தேடுகிறீர்களா?

சில வருடங்கள் வேலையில்லாமல் இருந்தவர்கள் திருகோணமலையில் முதலில் கேட்பது, "இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்?" என்பதுதான். கையில் தொழில் இருந்தால் எடுப்பார்கள். அதைக் காட்ட ஒரு சான்றிதழ் இருந்தால் இன்னும் சுலபம்.

மேசன் வேலை, வயரிங், தச்சு, சமையல் என எதை அனுபவத்தில் கற்றிருந்தாலும், முழுப் பயிற்சிநெறிக்குப் போகாமலே என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவின் அலுவலகத்தில் "ஆர்பிஎல்" என்று கேளுங்கள்; அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை அது. மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், கேள்வியும் கேட்பார். பழைய முதலாளியின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள். வயரிங் செய்தவர் மூடிய டிபி பெட்டியை (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) படம் எடுத்துப் பயனில்லை. மெயினை நிறுத்தி, மூடியைத் திறந்து, உள்ளே வயர்கள் ஒழுங்காக ஓடுவது தெரிய எடுக்க வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை சீசன். மார்ச்சிலேயே போய்க் கேளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும் வேண்டாம்.

இடைவெளியைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். "அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், இப்போது முழுநேரம் வரலாம்" என்று ஒரு வரி போதும். அப்புறம், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 60; அதற்கு முன் வயதைக் காட்டி ஓய்வில் அனுப்ப முடியாது. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டுவார்களா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.