இசை விழாவில் கலைஞர்களுக்குப் பயிலரங்கு: சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்தும் முறை

விழாவுக்கு வரும் கலைஞர்களுக்குப் பகலில் தொழில் வகுப்பு வைப்பது எப்படி என்று கேட்டு மற்ற ஊர்களிலிருந்து அடிக்கடி எனக்குப் போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பாட்டு சொல்லித் தருகிறேன். எங்கள் ஊர் இசை விழாவில் பகல் வகுப்புகளைக் கவனிப்பது என் பொறுப்பு. எல்பில், ஹீவுட், டோவன்பி தோட்டங்களின் பக்கத்து உறுமி மேளக் குழுப் பையன்கள், கோயில் நாதஸ்வர, தவில் கலைஞர்கள், கல்யாண விருந்துகளில் கீபோர்டும் பேடும் வாசிப்பவர்கள், தேவாரமும் பக்திப் பாடலும் பாடும் பெண்கள், இவர்கள்தான் வருகிறார்கள். பெரும்பாலோருக்கு வேறு வேலை உண்டு: செம்பனைத் தோட்டம், தொழிற்சாலை, லாரி.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். வகுப்பு முடிந்து எழும்போது கலைஞரின் கையில் முடித்த வேலை ஒன்று இருக்க வேண்டும். நிரப்பிய ஒப்பந்தத் தாள், பதிவு ரசீது, இரண்டு நிமிட மாதிரி வீடியோ, சரிபார்த்த சீவாளி (நாதஸ்வரத்தில் வைத்து ஊதும் நாக்கு), எதுவானாலும் சரி. கலந்துகொண்டதற்கான சான்றிதழை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைக் காட்டி யாருக்கும் ஒரு கச்சேரி கிடைத்து நான் பார்த்ததில்லை.

நாளும் நேரமும்

எங்களுக்கு ஏற்ற மாதம் மார்கழி. கல்யாணம் இல்லாததால் இசைக்குழுக்கள் ஓய்வாக இருக்கும். கோயில் கலைஞர்களுக்குத் திருப்பாவை, திருவெம்பாவைப் பூசை விடியலிலேயே முடிந்துவிடும். ஆடியிலும் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் திருவிழாக்கள் இருப்பதால் உறுமிக் குழுவில் ஒருவரையும் பிடிக்க முடியாது. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் பேச்சுக்கே இல்லை. கிறிஸ்துமஸ் விருந்துகள் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறாகப் பார்த்து வையுங்கள்.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள். பேராக்கில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். வந்தவுடன் பசியாறக் கொடுங்கள். தமிழ்ப்பள்ளி மண்டபம் போதும். ஹோட்டல் அறை எடுத்தால் தோட்டத்துப் பையன்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள்.

வருகிறவர்களுக்கு வழிச்செலவு கொடுங்கள். ஞாயிறு ஓவர்டைமை விட்டுவிட்டு வருபவரிடம் "உங்கள் நன்மைக்குத்தானே" என்று சொல்லக் கூடாது. ஆளுக்கு 50 வெள்ளியாவது (ரிங்கிட்) உறையில் போட்டுத் தருவதற்கு வரவு செலவில் முதல் வரியிலேயே இடம் ஒதுக்குங்கள். மேடை அலங்காரத்தைக் குறைத்தாலே அந்தப் பணம் வந்துவிடும். கலைகளுக்கு மானியம் தருவதற்காக 2017இல் தொடங்கிய செண்டானா அமைப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மானியம் வந்தால்தான் வகுப்பு என்று காத்திருக்காதீர்கள்.

தலைப்பை யாரிடம் கேட்பது?

விழாக் குழுவில் உட்கார்ந்து நாமே தலைப்பு வைக்கக் கூடாது. ஒரு மாதத்துக்கு முன்பே பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போங்கள். உறுமிக் குழு சாயங்காலம் கோயில் பின்புறம் அடித்துக்கொண்டிருக்கும். முடியும்வரை கேட்டுவிட்டு, "தம்பி, இந்த வேலையில் எது ரொம்பச் சிரமமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். தாளக் கணக்கைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். முன்பணம் எவ்வளவு வாங்குவது, யூடியூபில் போட்ட பாட்டு ஏன் முடங்கியது, இராத்திரி படுத்தால் காது ஏன் இரைகிறது, கீபோர்டு சுருதிக்கு நாதஸ்வரம் ஏன் சேரமாட்டேன் என்கிறது, இதெல்லாம்தான் வரும். அதையே தலைப்பாக வையுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கச்சேரி முடிந்து வீடு திரும்ப வண்டி யார் ஏற்பாடு செய்வது என்பது அவர்கள் முன்வைக்கும் கேள்வி, பையன்கள் நடுவில் அதைச் சொல்லமாட்டார்கள்.

சம்பளப் பேச்சு

அதிக நேரம் கொடுக்க வேண்டிய வகுப்பு இது. வெள்ளைப் பலகையில் ஒரு கணக்கோடு தொடங்குங்கள். உதாரணமாக, 12 பேர் கொண்ட உறுமிக் குழு வெளியூர்க் கோயிலுக்கு 1,500 வெள்ளிக்குப் போகிறது. வேனும் பெட்ரோலும் 180, சாப்பாடு 120, தோல் மாற்றுவதற்கு ஒதுக்கும் பணம் 150. மீதி 1,050, ஆளுக்கு 87 வெள்ளி 50 காசு. மாலை நான்கு மணிக்குக் கிளம்பி நள்ளிரவில் திரும்பினால் எட்டு மணி நேரம், மணிக்கு 11 வெள்ளி கூட இல்லை. இப்போது கோயில் தலைவர் 300 வெள்ளி குறைக்கச் சொல்கிறார். ஆளுக்கு 62 வெள்ளி 50 காசு, மணிக்கு 7 வெள்ளி 81 காசு. 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது, மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. சாமி ஊர்வலத்தில் தோளில் மேளம் சுமந்து அடிப்பவருக்குக் கிடைப்பது அதற்கும் கீழே. இந்தக் கணக்கைப் பார்க்கும்போது மண்டபம் அமைதியாகிவிடும். அவர்கள் யாரும் இதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

அடுத்து அதே இடத்தில் இரண்டு பேரை எழுப்பி நடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் கோயில் தலைவர், மற்றவர் குழுத் தலைவர்.

"கோயில் காரியம் தம்பி, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

"கண்டிப்பா செய்றோம் தலைவரே. எங்க சம்பளம் 1,500. அம்மனுக்காக 100 வெள்ளி எங்க காணிக்கை. ரெண்டையும் தாள்ல எழுதித் தர்றேன்."

இரண்டையும் எழுதுவது முக்கியம். 1,400 என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு பேச்சு 1,400இல் தொடங்கி இறங்கும். முழுச் சம்பளம் ஒரு வரி, காணிக்கை ஒரு வரி என்று இருந்தால் குழுவின் விலையும் நிற்கும், தலைவரின் மரியாதையும் நிற்கும். வயதில் மூத்தவரிடம் பணம் பேசப் பையன்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் போகும்வரை ஆளை மாற்றி மாற்றி நடிக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் அரைப் பக்கம் போதும். நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், முன்பணம், மீதி எப்போது, நேரம் நீண்டால் மணிக்கு எவ்வளவு, ரத்தானால் முன்பணம் யாருக்கு, ஒலிபெருக்கியும் சாப்பாடும் யார் பொறுப்பு. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய். ஒவ்வொருவரும் அடுத்து வரும் தங்கள் நிகழ்ச்சிக்கு அதை நிரப்பி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு எழ வேண்டும்.

பதிவு மேசை

சொற்பொழிவு வேண்டாம், மேசை போடுங்கள். நிறுவனங்களையும் தொழில்களையும் பதிவு செய்யும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் தொழில் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 வெள்ளி, குழுவின் பெயரில் என்றால் 60. பதிவு இருந்தால் வங்கியில் குழுக் கணக்கு திறக்கலாம். அரசு நிகழ்ச்சிகளுக்கும் நிறுவன விருந்துகளுக்கும் முறையான பில் கொடுக்கலாம். சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் பதிவு செய்யலாம் என்பதைச் சத்தமாகவே சொல்லுங்கள், அது தெரியாமல் ஒதுங்கி நிற்பவர்கள் உண்டு. எந்த ஐசியும் இல்லாத பையன் ஒருவன் வந்தால் எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்காதீர்கள். தனியே அழைத்துப் பேச ஒரு பெரியவரை முன்கூட்டியே நியமியுங்கள்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் அதிகாரி ஒருவரையும் அழையுங்கள். 2017ஆம் ஆண்டின் 789ஆம் சட்டப்படி சுயதொழில் செய்பவர்களுக்கு விபத்துப் பாதுகாப்பு உண்டு. டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கிய அந்தத் திட்டம் 2020இல் கலைத்துறைக்கும் வந்தது. கச்சேரி முடிந்து இராத்திரி மோட்டாரில் திரும்புகிறவர்களுக்கு இது எவ்வளவு அவசியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஊழியர் சேமநிதி வாரியமான இபிஎப்பின் ஐ-சாரான் திட்டத்தில் தாங்களே பணம் போட்டால் அரசும் ஊக்கத்தொகை சேர்க்கும். அதிகாரி மலாயில் பேசுவார், பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் இருக்கட்டும்.

பாட்டு யாருடையது?

எங்களிடம் கூட்டம் சேரும் இன்னொரு வகுப்பு இது. 1987ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி மலேசியாவில் ஒரு பாடல் அதை இயற்றியவரின் ஆயுள் முழுவதும், இறந்தபின் 50 ஆண்டுகளும் காக்கப்படும். எடுத்துக்காட்டில்லாமல் இதைச் சொன்னால் யார் மனதிலும் நிற்காது. தியாகராஜர் 1847இல் மறைந்தார், அவர் கீர்த்தனையை யாரும் பாடிப் பதிவேற்றலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். இங்கே அவர் பாடல்களுக்கான காலம் 2023 முடிவோடு தீர்ந்தது. இந்தியாவில் 60 ஆண்டு என்பதால் அங்கே 2033 முடிவுவரை உண்டு. நம் வீடியோவை இந்தியாவிலும் பார்ப்பார்கள் என்பதால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பாட்டு பொதுவாகிவிட்டாலும் ஒருவர் செய்த ஒலிப்பதிவு அவருடையதுதான், அதை எடுத்துப் பின்னணியில் போட்டால் யூடியூப் முடக்கும். சினிமாப் பாட்டுக்கு உரிமை பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும்.

சொந்தமாகப் பாட்டெழுதும், மெட்டுப்போடும் பிள்ளைகள் தோட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் எம்ஏசிபி, பதிவில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் ஆர்பிஎம் என்று உரிமத்தொகை வசூலித்துத் தரும் அமைப்புகள் இருப்பதைச் சொல்லுங்கள். பாட்டை யார் எழுதினார், யார் மெட்டு, யார் வாசித்தார், எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவதுதான் இந்த வகுப்பின் முடித்த வேலை. நண்பர்களாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளட்டும்.

காது

தொழிலிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் அளவை நாங்கள் பயன்படுத்துகிறோம். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 100க்கு வெறும் 15 நிமிடம். ஐபோனில் நியோஷின் இலவசச் செயலி இருக்கிறது. உறுமிக் குழுவை மண்டபத்துக்கு வெளியே வழக்கம்போல அடிக்கச் சொல்லி நடுவில் நின்று அளந்து காட்டுங்கள். கைப்பேசி காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனாலும் முன்னால் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையனின் அப்பாவுக்கு அந்த எண் போதும். மருந்துக்கடையில் விற்கும் நுரைப்பஞ்சு (ஃபோம்) அடைப்பானைச் சுருட்டி, காதை மேலே இழுத்துச் செருகும் விதத்தை ஒவ்வொருவருக்கும் செய்து காட்டி, ஒரு ஜோடி கையில் கொடுங்கள். நான் மிகவும் கவலைப்படுவது இந்த விஷயத்தில்தான். கேட்கும் திறன் போனால் திரும்பி வராது.

சேர்ந்து வாசித்தல்

1998இலிருந்து சரவாக் கலாசார கிராமத்தில் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழாவில் மதிய நேரம் பல நாட்டுக் கலைஞர்களை ஒரே அறையில் உட்காரவைத்துச் சேர்ந்து வாசிக்கச் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு அந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. உறுமி, தவில், மலாய்க் கம்பத்துக் கொம்பாங் (கையில் பிடித்துத் தட்டும் பறை) குழு, சிங்க நடனத்து மேளம், நான்கையும் வட்டமாக உட்கார வையுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் எளிய நடையை அடிக்க, மற்றவர்கள் கையால் தட்டிப் பிடிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிட உருப்படி ஒன்று உருவாகும். அன்று மாலையே அதை மேடையேற்றி வீடியோ எடுத்துக்கொடுங்கள். சுதந்திர தின விழாக்களுக்கு இப்படிப்பட்ட நிகழ்ச்சியைத்தான் தேடுகிறார்கள், அடுத்த வேலைக்கு அந்த வீடியோ வழி திறக்கும்.

சொல்லித் தருபவர்

சென்னை மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் விளக்கவுரைகளைப் போல அறிஞர் பேச மற்றவர்கள் கேட்பது நல்ல விஷயம்தான். நம் வகுப்பில் அதற்கு அரை மணி போதும். சீவாளி சரிசெய்வதையும், தவிலுக்கு விரல் கூடு செய்வதையும் ஊரில் முப்பது ஆண்டு வாசித்த பெரியவர் சொல்லித் தருவதுபோல் யாரும் தர முடியாது. ஒரு பெரியவருக்கு எட்டுப் பேருக்கு மேல் விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்க்க வேண்டும். வெளியூர் நிபுணருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதே தொகையை அவருக்கும் அன்றே கொடுங்கள். இந்தியாவிலிருந்து வித்வானை வரவழைத்து மேடையேற்றுவதாக இருந்தால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பொது இடத்தில் மேடை போடுவதற்கு நாங்கள் குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

விழாவுக்குப் பிறகு

தைப்பூசம் முடிந்ததும் குழுத் தலைவர்களுக்குப் போன் செய்யுங்கள். ஒப்பந்தத் தாளைக் கொடுத்தீர்களா, யார் கையெழுத்துப் போட மறுத்தார், எந்த வரியில் தகராறு வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்த வரியைத் திருத்தித் திரும்ப அனுப்புங்கள். வந்த எல்லோரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள். காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் அதில் வேண்டாம். "சனிக்கிழமை குவாலா கங்சாரில் தவில் ஒருவர் தேவை, சம்பளம் இவ்வளவு" என்பதுபோல நாள், ஊர், சம்பளம் மூன்றும் உள்ள செய்தி மட்டும் அதில் வரட்டும்.