செயற்கைக்கோள் தரும் கடற்பரப்பு வெப்பநிலையைச் சரிபார்ப்பது எப்படி?

அளவுத்திருத்தம் வேறு, சரிபார்ப்பு வேறு. உணரி பதிவுசெய்யும் எண்ணைக் கதிர்வீச்சின் அளவாக மாற்றித் தருவது அளவுத்திருத்தம். இதற்காக அகச்சிவப்புக் கருவிகள், வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பொருளையும் (தன் வெப்பநிலைக்கேற்ற கதிர்வீச்சை வெளியிடும் ஒப்பீட்டுப் பொருள்) குளிர்ந்த விண்வெளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கின்றன. அந்தக் கதிர்வீச்சு அளவிலிருந்து கணித்த கடல் வெப்பநிலை எவ்வளவு நம்பத்தக்கது என்று மிதவைகளோடு ஒப்பிட்டு அறிவதே சரிபார்ப்பு. இந்த இரண்டாவது வேலையை ஒரு மடிக்கணினியிலேயே செய்யலாம்.

முதலில் மிதவைத் தரவைத் தேர்ந்தெடுங்கள். கதிர்வீச்சை வெப்பநிலையாக மாற்றும் சமன்பாட்டின் கெழுக்களே (பெருக்கும் எண்களே) நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் மிதவைகளின் அளவுகளிலிருந்து பெறப்பட்டிருந்தால், அதே மிதவைகளைக் கொண்டு சரிபார்ப்பது, முன்பே பார்த்துவிட்ட வினாத்தாளுக்குத் தேர்வு எழுதுவதற்கு ஒப்பாகும். அத்தகைய நிலையில், அந்தக் கெழுக்களைப் பெறப் பயன்படுத்தாத ஆர்கோ மிதவைகள் (ஆழத்துக்கு மூழ்கி, மேலெழும்போது வெப்பநிலையை அளக்கும் தானியங்கி மிதவைகள்) உதவும்.

அடுத்து, இடத்தாலும் நேரத்தாலும் நெருங்கிய அளவுகளை இணை சேர்க்க வேண்டும். செயற்கைக்கோள் கோப்பில் தர எண் 5 (மிகச் சிறந்த தரம்) பெற்ற படப்புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மிதவையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளும் ஓரிரு மணி நேரத்துக்குள்ளும் அமைந்தவற்றைச் சேருங்கள். தொடக்கநிலையில் பலரும் சறுக்குவது அறிவியலில் அன்று, அலகுகளில்தான்: கோப்பு கெல்வினில் இருந்தால் 273.15ஐக் கழிக்க வேண்டும். ஒரு கோப்பில் தீர்க்கரேகை 0 முதல் 360 வரையிலும், மற்றதில் -180 முதல் 180 வரையிலும் இருக்கக்கூடும்.

இனிதான் முக்கியமான கட்டம். இரவில் எடுத்த ஓர் இணையில் செயற்கைக்கோள் 28.41 செல்சியஸ் என்றும் மிதவை 28.60 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இந்த -0.19 முழுவதும் செயற்கைக்கோளின் பிழையா? அகச்சிவப்பு உணரி பார்ப்பது நீரின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே தடித்த படலத்தை. நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் மிதவை அளப்பதோ ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழத்தில். ஆர்கோ மிதவையின் மேல்மட்ட அளவு பெரும்பாலும் சுமார் 5 மீட்டர் ஆழத்தில். அந்தப் படலம் வெப்பத்தைக் காற்றுக்கு இழப்பதால், இரவில் அடியிலுள்ள நீரைவிடச் சராசரியாக 0.17 டிகிரி குளிர்ந்திருக்கும். ஆகவே உண்மையில் விளக்கம் தேவைப்படுவது மீதமுள்ள 0.02 மட்டுமே. பகலில், காற்று ஓய்ந்த வெயில் நேரத்தில், மேற்பரப்பு சில டிகிரி வரை சூடேறிவிடுவதால், தொடக்கத்தில் இரவு அளவுகளையே பயன்படுத்துவது நல்லது. வினாடிக்கு 6 மீட்டருக்கு மேல் காற்று வீசிய இணைகள் இன்னும் நம்பகமானவை.

வித்தியாசங்களைத் தொகுக்கும்போது சராசரியைவிட இடைநிலை அளவையே (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பையே) நான் விரும்புவேன். ஏனெனில் கண்ணில் படாமல் தப்பிய ஒரு மேகத்துண்டு, பல டிகிரி குளிர்ந்த பொய்யான அளவைத் தந்து சராசரியைக் கீழே இழுத்துவிடும். பரவலுக்கு, ஒவ்வொரு வித்தியாசமும் அந்த இடைநிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று (கூட்டல், கழித்தல் குறி பாராமல்) கண்டு, அந்த விலகல்களின் இடைநிலையை 1.48 ஆல் பெருக்குங்கள்.

பிறகு வித்தியாசத்தைப் பார்வைக் கோணம், வளிமண்டல நீராவி, காற்றின் வேகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிராக வரைந்து பாருங்கள். மொத்த இடைநிலை சுழியமாக இருந்தும், கோணம் கூடக்கூட வித்தியாசம் குளிர்ச்சிப் பக்கம் சரிந்தால், வளிமண்டலத் திருத்தத்தில் (இடையிலுள்ள காற்றின் விளைவை ஈடுசெய்யும் கணக்கில்) குறை இருக்கிறது என்று ஐயுறலாம்.